எந்த வெளிநாட்டு மொழியைக் கற்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பதினோரு வருடமாக மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கிறேன். அதற்கு முன் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலை. மே மாதம் வந்தால் போன் ஓயாது. ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள், செவிலியர்கள், கல்யாணமாகி வெளிநாடு போகப்போகிறவர்கள், பிள்ளைகளுக்காகக் கேட்கும் பெற்றோர் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். விசா விதிகள் அடிக்கடி மாறும். பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நேராகச் சொல்லுங்கள், எந்த மொழி படித்தால் நல்லது?

எந்த ஊரில், யாரோடு, என்ன வேலைக்கு அந்த மொழியைப் பேசப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். செவிலியராக ஐரோப்பா போக வேண்டுமா, ஜெர்மன். கனடாவில் குடியேற விண்ணப்பிக்கப் போகிறீர்களா, ஆங்கிலத்தோடு பிரெஞ்சு. ஊரை விட்டுப் போக மனமில்லை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமே நல்ல வேலை வேண்டும் என்றால் ஜப்பானியம் அல்லது கொரியம்.

“எனக்கு அப்படி எந்தத் திட்டமும் இல்லை, ஏதாவது ஒன்று படிக்க ஆசை” என்பவர்களுக்கும் என்னிடம் ஒரு பதில் உண்டு. தமிழை நன்றாகப் பேசி எழுதத் தெரிந்தவர் என்றால் ஜப்பானியம் படியுங்கள், இல்லையென்றால் கொரியம். என் வகுப்புக்கு ஆள் பிடிப்பதற்காகச் சொல்லவில்லை. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

இணையத்தில் எல்லாப் பட்டியலிலும் ஜப்பானியம்தான் உலகிலேயே கடினம் என்று போட்டிருக்கிறதே?

அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் தன் அதிகாரிகளுக்கு எந்த மொழியைக் கற்பிக்க எத்தனை வாரம் ஆகிறது என்று கணக்கு வைத்திருக்கிறது. ஸ்பானிஷுக்குச் சுமார் 30 வாரம், ஜெர்மனுக்கு 36, ஜப்பானியம், கொரியம், சீனம், அரபு நான்குக்கும் 88 வாரம். அதே பட்டியலில் தமிழும் இருக்கிறது, 44 வாரம், 1100 மணிநேரம். உங்களுக்குத் தமிழ் படிக்க 1100 மணிநேரமா ஆனது? அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்ட கணக்கு. நம் வீட்டுக்கு அது பொருந்தாது.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

வதாஷி வா / கினோ / மிஸே தெ / ஹோன் ஓ / கைமாஷ்தா.
நான் / நேற்று / கடையில் / புத்தகத்தை / வாங்கினேன்.

ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. ‘தெ’ வந்த இடத்தில் நமக்கு ‘இல்’, ‘ஓ’ வந்த இடத்தில் ‘ஐ’. இரண்டாம் வேற்றுமை, ஏழாம் வேற்றுமை என்று ஏழாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது வீண்போகவில்லை.

இன்னும் உள்ளே போனால்தான் எனக்கு மெய்சிலிர்க்கும். சாப்பிட்டுப் பார் என்கிறோம் இல்லையா? அங்கே கண்ணால் பார்ப்பது எதுவும் இல்லை, முயன்று பார் என்று பொருள். ஜப்பானியத்திலும் ‘தபேதே மிரு’, மிரு என்றால் பார். வாங்கி வை என்பது ‘கத்தே ஒகு’, ஒகு என்றால் வை. மறந்துவிட்டேன் என்பதில் வரும் ‘விடு’ அந்த வேலையைச் செய்து முடித்ததையும் ஐயோ என்ற உணர்வையும் சேர்த்துச் சொல்கிறது. ‘வசுரேதே ஷிமத்தா’வில் வரும் ‘ஷிமத்தா’வும் அதையே செய்கிறது. வருவேன் என்று சொன்னான், ‘குரு தோ இத்தா’. ஜப்பானுக்குப் போனது உண்டு, ‘நிஹோன் நி இத்தா கோதோ கா ஆரு’. நேற்று வாங்கிய புத்தகம், ‘கினோ கத்தா ஹோன்’. நம் பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சென்னையில் பல வகுப்புகளில் ஜப்பானியத்தை ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தருகிறார்கள், ஏனென்றால் பாடநூலில் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நானும் அப்படித்தான் படித்தேன். ‘தே வடிவம்’ என்ற பாடம் வந்ததும் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவரிடமாவது “இது நம்ம ‘செய்து’தான்” என்று யாராவது சொல்லியிருந்தால் நின்றிருக்க மாட்டார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இந்த இடத்தில் மற்றவர்களைத் தாண்டிப் போவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

அப்படியானால் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பமா?

ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ அப்படி வாதிட்டு நிறைய எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வரும் மொழிகள் பலவற்றில் இந்த அமைப்பு ஒத்துப்போகும். உறவு இருக்கிறதோ இல்லையோ, படிப்பவருக்கு உதவி ஒன்றுதான்.

சரி, ஜப்பானியத்தில் எது கடினம்? அதையும் சொல்லுங்கள்.

எழுத்து. ஹிரகானா, கதகானா இரண்டும் தலா 46 எழுத்து, ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். சீனத்திலிருந்து வந்த ‘கஞ்சி’ எழுத்துகள் அப்படியல்ல. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2136 எழுத்துகள். பலவற்றுக்கு இரண்டு மூன்று உச்சரிப்பு. இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து கிடையாது, தினமும் அரைமணி நேரம் நோட்டில் எழுத வேண்டும், இரண்டு மூன்று வருடம்.

மரியாதைப் பேச்சு அடுத்தது. நீ, நீங்கள், அவர் என்ற பழக்கம் நமக்கு இருப்பதால் கருத்து புரியும், ஆனால் மேலாளருக்கு ஒரு வினைச்சொல், தனக்கு ஒரு வினைச்சொல் என்று போகும்போது நாக்கு தடுமாறும்.

தேர்வு விஷயம்: ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னையிலேயே எழுதலாம். என்5 தொடக்கம், என்1 உச்சம். தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பு வேலைக்கு என்2 இருந்தால் பேச்சுவார்த்தைக்கே கூப்பிடுவார்கள், என்3 இருந்தால் தொடங்கலாம். என்5 சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேட வேண்டாம். இன்னொன்று, இந்தத் தேர்வில் பேசும் பகுதி கிடையாது. என்3 தேறியும் வாயைத் திறக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன், முதல் நேர்காணலில் தெரிந்துவிடும்.

ஜப்பானுக்கே போக வேண்டும் என்பவர்களுக்கு 2019 ஏப்ரலில் வந்த ‘குறிப்பிட்ட திறன்’ விசா இருக்கிறது. முதியோர் பராமரிப்பு, உணவகம், விவசாயம் போன்ற துறைகள். துறைத் தேர்வோடு என்4 அளவு மொழி வேண்டும். முதல் வகை விசாவில் பொதுவாக மொத்தம் ஐந்து வருடம்தான், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இதை ஏஜென்ட் பல நேரம் சொல்வதில்லை. கடன் வாங்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கொரியமும் இதே மாதிரிதானா? என் மகள் நாடகம் பார்த்தே பாதி கற்றுக்கொண்டாள்.

இலக்கணம் கிட்டத்தட்ட அப்படியே. ‘மொகொ பொதா’ என்றால் சாப்பிட்டுப் பார். எழுத்து இன்னும் சுலபம். செஜோங் மன்னர் 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் இன்று அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே, ஒரு வார இறுதியில் படித்துவிடலாம்.

நமக்குச் சிக்கல் காதில். கொரியத்தில் ப என்பது மூன்று விதம்: மெல்லியது, இறுக்கியது, மூச்சு விட்டுச் சொல்வது. நெருப்பு, கொம்பு, புல் ஆகிய மூன்றுக்கும் அங்கே உள்ள சொற்கள் தமிழ்க் காதுக்கு ‘புல்’ என்றே கேட்கும். (அவற்றில் ஒன்றுக்கு உண்மையிலேயே புல் என்றே பொருள். தற்செயல்தான், ஆனால் முதல் முறை தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.) நாடகம் பார்க்கும் மகளுக்கு இந்தக் காது ஏற்கெனவே வந்திருக்கும். அது பெரிய சொத்து, “டிவியை அணை” என்று தடுக்காதீர்கள். டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வுக்கு மட்டும் பாடநூலோடு உட்காரச் சொல்லுங்கள். டோபிக் சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும், தேவைப்படும் நேரம் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது, ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் இருக்கிறது. இவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்கள் ஏராளம். கொரியம் தெரிந்த தமிழருக்கு அங்கே மதிப்பு அதிகம், ஏனென்றால் எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் தமிழ் மட்டுமே பேசுவார், மேற்பார்வைக்கு வந்தவருக்குக் கொரியம்தான் சரளம். நடுவில் நிற்க ஒருவர் வேண்டும்.

நான் பி.எஸ்சி. நர்சிங். நாலே மாதத்தில் ஜெர்மன் பி2 என்று விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐரோப்பிய மொழிகளில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலை, அதில் பி2 நான்காவது. பி2 எழுத, 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்று தேர்வை நடத்தும் கோதே நிறுவனமே சொல்கிறது. நாலு மாதத்தில் ஞாயிறு போக நூறு நாள். அப்படியானால் தினமும் ஆறிலிருந்து எட்டுப் பாடவேளை, வீட்டுப்பாடம் தனி. வேலைக்குப் போகாமல், வேறு எந்தக் கவலையும் இல்லாமல் இருந்தால் ஒருவேளை. நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டு முடியவே முடியாது. ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செவிலியராக முழு அங்கீகாரம் பெற ஜெர்மனியில் பொதுவாக பி2 கேட்கிறார்கள். பி1-இல் போய் அங்கே மீதியைப் படிக்கும் வழிகளும் உண்டு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியருக்கு ஜெர்மன் பயிற்சி தருகிறது. தனியாரிடம் லட்சக்கணக்கில் கட்டும் முன் அங்கே ஒருமுறை நேரில் போய் விசாரியுங்கள். என் வகுப்பில் படித்த ஒரு பெண் அம்மாவின் நகையை அடகு வைத்து ஒரு இடத்தில் பணம் கட்டி ஏமாந்தாள். பிறகு இரண்டு வருடம் கழித்து அதே வேலைக்கு முறையான வழியில் போனாள். அந்த இரண்டு வருடம் அவளுக்குத் திரும்ப வராது.

மொழியைப் பற்றிச் சொன்னால், ஜெர்மனின் வேற்றுமை உருபுகள் நமக்குப் பெரிய அதிர்ச்சி தராது. ‘வைல் இஷ் கிராங்க் பின்’, எனக்கு உடம்பு சரியில்லாததால் என்று சொல்லும்போது வினை கடைசிக்குப் போய்விடும், அதுவும் பழகியதுதான். பால்தான் தொல்லை. மேசை ஆண், விளக்கு பெண், சிறுமி இரண்டும் இல்லை. நம் திணையும் பாலும் பொருளைப் பார்த்து வருபவை, அங்கே அப்படிக் கிடையாது. சொல்லைப் படிக்கும்போதே அதன் பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் சேர்த்தே படியுங்கள். மேசையை ‘டிஷ்’ என்று படிக்காமல் ‘டெர் டிஷ்’ என்று படித்தால் பாதி வலி போகும்.

ஜெர்மனியில் ஆங்கில வழியில் எம்.எஸ். படிக்கப் போகிறேன். ஜெர்மன் அவசியமா?

படிக்க அவசியமில்லை. படித்து முடித்து வேலை தேடும் நாளில் அவசியம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை (பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1500 யூரோ), அதனால் மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை இங்கிருக்கும்போதே மொழிக்குச் செலவிடுங்கள். ஏ2 முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றவர்கள் முதல் செமஸ்டரில் சமையலுக்கே நேரமில்லாமல் திண்டாடுகிறார்கள்.

பள்ளியில் மார்க்குக்காக மகன் பிரெஞ்சு எடுக்கட்டுமா, தமிழ் எடுக்கட்டுமா?

தமிழ். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. நான் பிரெஞ்சு எடுத்தவன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினேன், புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வழி கேட்டபோது ஒரு வார்த்தை வரவில்லை. கேள்வித்தாளுக்குப் படித்த மொழி அப்படித்தான் போகும். தமிழை விட்டதன் விலை பின்னால் தெரிந்தது. ஜப்பானியம் படிக்க உதவிய வினையெச்சத்தையெல்லாம் இருபத்துநாலு வயதில் தனியாக உட்கார்ந்து படித்தேன். வீட்டு மொழியின் இலக்கணம் தெரிந்த பிள்ளை எந்த வெளிமொழியையும் வேகமாகப் பிடிக்கும். பிரெஞ்சு பிடித்திருந்தால் வார இறுதியில் அல்லியான்ஸ் பிரான்சேஸ் போகட்டும், அங்கே பேச வைப்பார்கள்.

கனடா விண்ணப்பத்துக்குப் பிரெஞ்சு உண்மையில் உதவுமா?

உதவும், நிறையவே. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் புள்ளி முறையில், அவர்கள் அளவுகோல்படி பிரெஞ்சின் நான்கு திறன்களிலும் 7ஆம் நிலை, ஆங்கிலத்தில் 5ஆம் நிலை இருந்தால் கூடுதலாக 50 புள்ளி. 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனித் தேர்வுச் சுற்றுகளும் நடத்துகிறார்கள். அந்த 7ஆம் நிலை கிட்டத்தட்ட பி2. எழுதவேண்டிய தேர்வு டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா, டெல்ஃப் செல்லாது. முடிவு இரண்டு வருடத்துக்குத்தான். நான்கில் கேட்டல்தான் நம்மவர்களைக் கவிழ்க்கிறது. எழுதுவதில் பாதி எழுத்தை விழுங்கிவிட்டு மூக்கால் பேசுவார்கள், அதனால் முதல் வாரத்திலிருந்தே பிரெஞ்சு வானொலியைக் காதில் ஓடவிடுங்கள்.

சீனம், அரபு, ஸ்பானிஷ் எல்லாம் சொல்லவே இல்லையே?

சீனப் பொருள் வாங்கி விற்கும் வியாபாரம் கையில் இருப்பவருக்குச் சீனம் பொன். இல்லாதவருக்கு உழைப்பு அதிகம். சொல்லின் ஏற்ற இறக்கத்தில் பொருளே மாறும். வளைகுடாவில் இந்தி, மலையாளம், ஆங்கிலத்தை வைத்தே பலர் காலம் தள்ளுகிறார்கள். அரபு படிப்பதானால் எழுத்து மொழியும் பேச்சு மொழியும் வேறு வேறு என்று தெரிந்து தொடங்குங்கள். நமக்கு அது புதிதல்ல, செந்தமிழும் பேச்சுத் தமிழும் போலத்தான். ஸ்பானிஷ் அருமையான மொழி, சுமார் இருபது நாடுகளில் ஆட்சிமொழி. ஆனால் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பயிற்சிக்கு ஆள் தேடுவது சிரமம். மலேசியாவில் வேலை என்றால் மலாய் படியுங்கள். வினைக்குக் காலம், பால் எதுவும் மாறாது. கெடாய் என்றால் கடை, கபால் என்றால் கப்பல், நம்மிடமிருந்து போன சொற்கள்.

நான் யாழ்ப்பாணம். எங்களுக்கு வேறு கணக்கா?

ஆம், கொஞ்சம் வேறு. தென்கொரியாவின் வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கை இருக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழியாக அதற்கான கொரிய மொழித் தேர்வை எழுதிப் போகலாம். இந்தியாவிலிருந்து போகிறவருக்கு அந்தத் திட்டம் கிடையாது. ஆகவே உங்களுக்குக் கொரியம் முதலில்.

உறவினர் சுவிஸில் இருந்து அங்கே போகப் போகிறீர்கள் என்றால் அவர் எந்தக் கன்டோனில் (மாநிலத்தில்) இருக்கிறார் என்று கேளுங்கள். சூரிச் என்றால் ஜெர்மன், ஜெனீவா, லோசான் என்றால் பிரெஞ்சு. பின்னாளில் குடியுரிமைக்கு அந்நாட்டு மொழி ஒன்றில் பேச்சுக்கு பி1, எழுத்துக்கு ஏ2 கேட்பார்கள்.

உங்களுக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. ஜப்பானியத்தில் கோரே, சோரே, ஆரே என்று மூன்று சுட்டு. இது, அது மட்டும் பேசும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவில் உள்ள ‘சோரே’ குழப்பும். நீங்கள் ‘உது’ என்று இன்றும் பேசுகிறீர்கள், உங்களுக்கு அது ஒரு நிமிடப் பாடம்.

ஒரே நேரத்தில் இரண்டு மொழி படிக்கலாமா?

வேண்டாம். மூன்று மொழியில் ஏ1 சான்றிதழ் வைத்திருப்பவரைவிட ஒரே மொழியில் பி2 வைத்திருப்பவருக்குத்தான் வேலை கிடைக்கிறது. பி1-ஐத் தாண்டிய மொழி சில வருடம் தொடாமல் விட்டாலும் திரும்ப வரும். ஏ2-வில் நிறுத்தியது ஆறு மாதத்தில் கரைந்துவிடும்.

போனிலேயே மொழிபெயர்ப்பு வருகிறதே, இனி எதற்கு மொழி?

விடுதியில் சாப்பாடு கேட்க போன் போதும். இரவு இரண்டு மணிக்கு வார்டில் ஒரு முதியவர் வலிக்கிறது என்று முனகும்போது போனை நீட்ட முடியாது.

எனக்கு 58 வயது. மகள் பிராங்பர்ட்டில் இருக்கிறாள், பேரன் மழலையர் பள்ளியில் ஜெர்மன் பேசுகிறானாம். இந்த வயதில் படித்து என்ன பயன்?

அம்மா, இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி உங்களுடையதுதான். உங்களுக்குத் தேர்வும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். பேரன் சொல்வது புரிந்தால் போதும். எண்கள், நிறங்கள், சாப்பாடு, விலங்குகள், ‘வா’, ‘போகாதே’, ‘வலிக்கிறதா’ என்று இருநூறு சொல்லில் தொடங்குங்கள். வீடியோ அழைப்பில் அவனையே வாத்தியார் ஆக்கிவிடுங்கள், பொம்மையைக் காட்டி “வாஸ் இஸ்ட் டாஸ்?”, இது என்ன என்று கேளுங்கள். ஜெர்மனில் அவன் பதில் சொன்னதும் நீங்கள் அதற்குத் தமிழ்ச்சொல்லைச் சொல்லுங்கள், அவனுக்கும் தமிழ் போகாமல் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை வேகமாகத்தான் பேசும். அதற்கு ஒரு வாக்கியத்தை இன்றே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “நோஹ் மால், பிட்டே, லாங்ஸாம்.” இன்னொரு தடவை சொல்லுப்பா, மெதுவா.